விலை நின்ற வண்டியும் விலை சரியும் வண்டியும்

புதுக் காரை ஷோரூமிலிருந்து வெளியே எடுத்த கையோடு அதன் விலை இறங்கிவிடும் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வெளியே எடுத்த கையோடு விலை ஏறிய காலமும் ஒன்று இருந்தது. 1983 டிசம்பர் 14 அன்று டில்லியில் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி ஒரு வாடிக்கையாளர் கையில் கொடுத்தார். அதற்குப் பல மாதம் முன்பே லட்சம் பேருக்கு மேல், ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். வண்டியின் விலையே ஏறத்தாழ ஐம்பதாயிரம்தான். ஒதுக்கீடு கிடைத்தவர் வீட்டுக்கு, வண்டி வருவதற்குள், பிரீமியம் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் வந்துவிடும். ஒருநாள்கூட ஓட்டாமல் விற்று லாபம் பார்த்தவர்கள் உண்டு.

மாருதிக்கு முந்தைய கதை இன்னும் விசித்திரம். உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், நம் மதராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாட்டுக்கே அவ்வளவுதான். எத்தனை கார் செய்யலாம் என்பதை லைசென்ஸ் தீர்மானித்தது. என்ன விலைக்கு விற்கலாம் என்பதை 1969-இல் மத்திய அரசே தீர்மானிக்கத் தொடங்கியது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம்வரை போய் வழக்காடின. ஃபியட்டுக்குப் பெயர் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பது சகஜம். ஆகவே கையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபியட்டுக்கு, வரிசையில் நிற்கும் புது ஃபியட்டைவிட மவுசு அதிகம். இரண்டு வருடம் ஓட்டிவிட்டு வாங்கிய விலைக்கே விற்கலாம், சில சமயம் அதற்கு மேலும்.

இதைப் பல பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்: "அந்தக் காலத்து வண்டி இரும்பு சார், விலை நிக்கும்." இரும்பு காரணமில்லை. புது வண்டி கிடைக்காதது ஒரு காரணம். கிடைத்தாலும் அது பழையதைவிட ஒன்றும் மேலாக இருக்காது என்பது இன்னொன்று. 1957-இல் வெளிவரத் தொடங்கிய அம்பாசடர் மார்க் டூ, மார்க் த்ரீ, மார்க் ஃபோர் என்று பெயரை மாற்றிக்கொண்டதே தவிர, உள்ளே பெரும்பாலும் அதே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான். இருபது வயது அம்பாசடரும் புது அம்பாசடரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பெயின்டைத் தவிர வேறு வித்தியாசம் சொல்ல மெக்கானிக் வேண்டும். அந்த மெக்கானிக்கும் எல்லா ஊரிலும் இருந்தார். புது ஸ்பேர் வேண்டுமென்றால் சென்னை ஜி.பி. ரோடு, பழசு போதுமென்றால் புதுப்பேட்டை. இன்ஜினை இறக்கி, போர் அடித்து, பிஸ்டன் மாற்றி ஏற்றினால் வண்டி இன்னொரு பிறவி எடுத்துவிடும். சாகாத பொருளுக்குத் தேய்மானம் ஏது?

அந்தச் சந்தையின் மொழி இன்னும் மாறவில்லை. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ 'ஆட்டோ கன்சல்டிங்' என்று போர்டு போட்ட இடத்தில் போய் நின்றால் அதே வசனம்தான்: "சிங்கிள் ஓனர் சார். லேடி டாக்டர் ஓட்டுனது. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் போச்சு." தமிழ்நாட்டில் இவ்வளவு லேடி டாக்டர்கள் இவ்வளவு கொஞ்சமாகக் கார் ஓட்டியிருந்தால் நம் சுகாதாரத் துறைக்குக் கவலையே இருந்திருக்காது. அது கிடக்கட்டும். அந்த வசனத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. நம் ஊரில் கார் வாங்கும் எவரும் மைலேஜுக்கு அடுத்தபடியாக, சிலர் அதற்கும் முன்பாக, கேட்கும் கேள்வி: "ரீசேல் எப்படி?"

தட்டுப்பாட்டுக் காலம் நமக்கு விட்டுப்போன சொத்து அந்தக் கேள்வி. தட்டுப்பாடு போன பிறகும் கேள்வி போகவில்லை. 1993-இல் கார்த் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆன பிறகு கொரியாக்காரனும் அமெரிக்காக்காரனும் வந்தார்கள். 1998-இல் ஶ்ரீபெரும்புதூரிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது; அதே ஆண்டின் கடைசியில் டாடா இண்டிகா விற்பனைக்கு வந்த சமயத்தில் மாருதி 800-இன் விலை குறைந்தது. புதுக் காரின் விலை குறையும், குறைந்தால் நம் வீட்டுக் காரின் மதிப்பும் கூடவே இறங்கும் என்பதை நடுத்தர வர்க்கம் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். டேவூ கடையைக் கட்டியபோது சியலோ வைத்திருந்தவர்களும், 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலைநகர்த் தயாரிப்பை வீட்டில் நிறுத்தியிருந்தவர்களும் அதையே இன்னும் கசப்பாகக் கற்றார்கள். ஆனாலும் மாருதியும் இன்னோவாவும் 'ரேட் நிக்கிற வண்டி' என்ற பெயரை விடவில்லை. ரீசேல் கேள்விக்கு ஒரு பதில் எப்போதும் இருந்துவந்தது.

அந்தக் கேள்வியை மின்சாரக் காரிடம் கேட்டால்தான் பதில் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு காரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக், 2019 ஜூலையில் வந்தது. சென்னைக்குப் பக்கத்து ஆலையிலேயே பூட்டிய வண்டி. அறிமுக விலை 25 லட்சத்து 30 ஆயிரம். அதை முதல் வாரத்தில் பதிவு செய்தவர்கள் மூன்று வாரம் கழித்து ஒரு செய்தி படித்தார்கள்: மின்வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. ஆகஸ்ட் 1 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைகிறது. கோனாவின் விலை 23 லட்சத்து 71 ஆயிரமாக இறங்கியது. அரசு நல்லது செய்தது, சந்தேகமில்லை. ஆனால் ஏற்கெனவே வண்டி வைத்திருந்தவரின் கையிலிருந்து ஒன்றரை லட்சம் சத்தமில்லாமல் போனது. அதோடு முடியவில்லை. 2025 ஜனவரியில் அதே கம்பெனி, அதே சென்னை ஆலையிலிருந்து, கிரெட்டா எலெக்ட்ரிக்கைக் கொண்டுவந்தது. தொடக்க விலை 17 லட்சத்து 99 ஆயிரம். கோனாவின் பேட்டரி 39.2 யூனிட் கொள்ளும். இதன் சிறிய பேட்டரியே 42 யூனிட் கொள்ளும். ஐந்தரை ஆண்டில் எல்லாப் பொருளும் விலை ஏறிய நாட்டில், இது மட்டும் ஏழு லட்சம் குறைந்து, பேட்டரியும் பெரிதாகி வந்து நின்றது.

இப்போது அந்தக் கோனாவை விற்கப் போகிறவரின் நிலையை யோசியுங்கள். புதுசே பதினெட்டு லட்சத்துக்குக் கிடைக்கும்போது ஐந்து வயதுக் காருக்கு யார் பதினான்கு கொடுப்பார்கள்? பத்துக்குப் பேச்சு தொடங்கினால் அதிர்ஷ்டம். அந்தக் காரில் எந்தக் கோளாறும் இல்லை. வாங்கிய அன்று எப்படி ஓடியதோ கிட்டத்தட்ட அப்படியே ஓடுகிறது. அதன் விலையைச் சரித்தது அதற்கு அடுத்துப் பிறந்த வண்டி. அம்பாசடர் காலத்தில் பழைய வண்டியைக் காப்பாற்றியது எதுவோ, அதுவேதான் இங்கே தலைகீழாகப் புரண்டிருக்கிறது.

டாடா நெக்ஸானுக்கும் இதேதான். 2020 ஜனவரியில் 13 லட்சத்து 99 ஆயிரத்தில் தொடங்கியது, 30.2 யூனிட் பேட்டரியோடு. 2024 பிப்ரவரியில் கம்பெனி ஒரே அறிவிப்பில் நெக்ஸானுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் வரையும், டியாகோவுக்கு 70 ஆயிரம் வரையும் குறைத்தது. எம்.ஜி. காமெட் 7 லட்சத்து 98 ஆயிரத்தில் வந்து, ஓராண்டுக்குள் 6 லட்சத்து 99 ஆயிரத்துக்கு இறங்கியது. காரணம் காரில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது. புளூம்பெர்க் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்குப்படி 2010-இல் பேட்டரியில் ஒரு யூனிட் சேமிக்கும் திறனுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2024-இல் 115 டாலர். காரின் விலையில் கணிசமான பங்கு பேட்டரி. அந்தப் பங்கின் விலை இப்படி உருண்டால் மீதி எப்படி நிற்கும்?

போதாததற்குச் சலுகைகள். தமிழ்நாடு அரசின் 2023 மின்வாகனக் கொள்கை, மின்கார்களுக்குச் சாலை வரியை முழுக்க விலக்கியது. அதே ஆண்டின் இறுதியில் மற்ற கார்களுக்கான வரியோ கூடியது. பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம்வரை உள்ள காருக்கு 18 சதவீதம். சலுகை முழுவதும் புதுசு வாங்குகிறவருக்குப் போகிறது. பழசு விற்கிறவர் அந்தச் சலுகை விலையோடு மோத வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியபோது பெட்ரோல் கார்க்காரர்களும் அந்த அடியைக் கொஞ்சம் சுவைத்தார்கள். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்து, அடுத்த மாதமே 16 லட்சத்து 49 ஆயிரத்துக்கு ஒரு மின்கார் அறிமுகமானது. போட்டி கூடக் கூட, நேற்றைய வண்டியின் மேல் பாரம் கூடும்.

இந்த இடத்தில் ஒரு கணக்குக் குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். மின்கார் மூன்று வருடத்தில் பாதி விலை, பெட்ரோல் கார் மூன்றில் இரண்டு பங்கு என்று பொதுவாகப் பேசுகிறார்கள். இரண்டையும் ஷோரூம் விலையிலிருந்து கழிக்கிறார்கள். பதினைந்து லட்ச பெட்ரோல் காருக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் சாலை வரி கட்டித்தான் ரோட்டில் இறக்க முடியும். அந்தப் பணமும் திரும்பி வராத பணம்தான். தேய்மானத்தில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் இரண்டு கார்களுக்கும் உள்ள இடைவெளி பேச்சில் இருக்கும் அளவு பெரிதில்லை. இருந்தாலும் சதவீதத்தில் இடைவெளி உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் இன்னும் பழைய அட்டவணையைத்தான் வைத்திருக்கின்றன: இரண்டிலிருந்து மூன்று வருடக் காருக்கு 30 சதவீதம் தேய்மானம், மூன்றிலிருந்து நான்குக்கு 40, நான்கிலிருந்து ஐந்துக்கு 50. பெட்ரோல் காரை மனதில் வைத்து எழுதிய அட்டவணை. மின்கார்ச் சந்தை அதை ஒரு வருடம், ஒன்றரை வருடம் முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆக பாலிசியில் எழுதியிருக்கும் மதிப்பு ஒன்று, கன்சல்டிங்கில் சொல்லும் விலை இன்னொன்று. விற்பவர்கள் பாலிசியைத் தூக்கிக் காட்டிச் சண்டை போடுவது வழக்கமாகிவிட்டது.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். மூன்று வருடம் கழித்து 60 சதவீதத்துக்கு நாங்களே திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று எம்.ஜி. உறுதி கொடுக்க ஆரம்பித்தது. மாருதி 800-க்கு அப்படியொரு உறுதியை யாரும் கேட்டதுமில்லை, கொடுத்ததுமில்லை. சந்தையே 60 கொடுக்குமானால் கம்பெனி ஏன் வாக்குக் கொடுக்க வேண்டும்?

சரி, இதெல்லாம் புதுசு வாங்கியவரின் துக்கம். அவரிடமிருந்து வாங்குகிறவருக்கு?

ஒருவருடைய நஷ்டம் எங்கேயோ காற்றில் கரைந்துபோவதில்லை; அடுத்தவரின் தள்ளுபடியாக மாறுகிறது. தேய்மானத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர் முதல் உரிமையாளர். இரண்டாம் உரிமையாளர் பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கு. எண்கள் எளிமைக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

புதுசில் பதினைந்து லட்சம் விற்ற மின்கார், மூன்று வயதில் எட்டு லட்சத்துக்கு வருகிறது என்போம். முதல் உரிமையாளர் ஆண்டுக்கு இரண்டேகால் லட்சத்துக்கு மேல் இழந்துவிட்டார். நீங்கள் வாங்கி, பேட்டரி உத்தரவாதம் முடியும் எட்டாம் ஆண்டுவரை ஐந்து வருடம் வைத்திருந்து, இரண்டு லட்சத்துக்கு விற்கிறீர்கள். ஆறு லட்சம் போயிற்று. ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். அதே எட்டு லட்சத்துக்கு மூன்று வயது பெட்ரோல் கார் வாங்கியிருந்தால், ஐந்து வருடம் கழித்து நான்கு லட்சத்துக்குப் போகும். ஆண்டுக்கு 80 ஆயிரம் இழப்பு. மின்காரில் ஆண்டுக்கு 40 ஆயிரம் கூடுதல் இழப்பு. ரீசேல் பார்ப்பவர்கள் இதோடு நோட்டை மூடிவிடுவார்கள். அங்கேதான் கணக்கே ஆரம்பிக்கிறது.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், ஊருக்குள் பதினான்கு கிலோமீட்டர் கொடுக்கும் என்றால் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய். மின்காருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்று குஷிப்பட வேண்டாம். காரை மாட்டினால் பில் 500 யூனிட்டைத் தாண்டும், தாண்டிய பிறகு யூனிட் எட்டரை, ஒன்பதரை ரூபாய் என்று ஏறும். பத்து ரூபாய் என்றே வையுங்கள். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். மிச்சம் ஐந்தரை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஆண்டுக்கு 66 ஆயிரம் கையில் நிற்கும். கூடுதல் தேய்மானம் 40 ஆயிரத்தைக் கழித்தாலும் 26 ஆயிரம் லாபம். ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் கிடையாது. அந்தச் சில ஆயிரங்கள் தனி.

மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்பவருக்கு மிச்சம் 33 ஆயிரம்தான். தேய்மானத்தைக்கூடக் கட்டாது, சர்வீஸில் மிஞ்சுவதைச் சேர்த்தால் சரிக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டி எடுக்கிறவர், மிச்சம் பிடிக்க என்று பழைய மின்கார் வாங்கினால் அது வீண் வேலை. அவருக்குப் பழைய பெட்ரோல் ஆல்டோ போதும். லேடி டாக்டர் ஓட்டியதாகவே இருக்கட்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். எட்டாம் ஆண்டில் அந்த மின்காருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை, சும்மா தள்ளிவிட்டீர்கள் என்றே வைப்போம். இழப்பு ஆண்டுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம். பெட்ரோல் காரைவிட 80 ஆயிரம் கூடுதல். மாதம் 1,200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓட்டியிருந்தால் அந்த 80 ஆயிரமும் பெட்ரோல் மிச்சத்திலேயே வந்துவிடும். அதாவது தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்குத் தினமும் போய்வந்து, வார இறுதியிலும் வண்டி எடுக்கும் ஒருவருக்கு, ரீசேல் பூஜ்யம் என்றாலும் கை கடிக்காது. தட்டுப்பாட்டுக் காலத்துக் கேள்விக்கு இங்கே வேலையே இல்லாமல் போகிறது. கார் நடுவில் ஓடிய கிலோமீட்டரில் பணம் திரும்பிவிடுகிறது, கடைசியில் விற்கும் நாளில் அல்ல.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, வீட்டில் சார்ஜ் போட வேண்டும். பொது இடத்து வேக சார்ஜரில் யூனிட் இருபது ரூபாயை ஒட்டி, வரி தனி. கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்க்கு மேல் ஆகிவிடும், மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சென்னை அடுக்குமாடிகளில் பார்க்கிங் உங்களுடையது, மீட்டர் கீழே, நடுவில் அசோசியேஷன் என்ற சமஸ்தானம். அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு கார் பார்க்கப் போவது உத்தமம். மற்றொன்று, கடன். பழைய காருக்கு வட்டி புதுசைவிட அதிகம். ஆறு லட்சத்தை ஐந்து வருடத்துக்கு 9 சதவீதத்தில் வாங்குவதற்கும் 13 சதவீதத்தில் வாங்குவதற்கும் எழுபதாயிரம் சொச்சம் வித்தியாசம். மலிவாக வாங்கினோம் என்ற மகிழ்ச்சியில் ஒரு பகுதியை வங்கி எடுத்துக்கொள்கிறது.

இனி பேட்டரி. நம் ஊர்க்காரர்களுக்குப் பேட்டரி என்றால் மனதில் வருவது இன்வெர்ட்டர். மின்வெட்டு ஆட்டிப்படைத்த 2008-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த கறுப்புப் பெட்டி. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்து, நாலு வருடத்தில் எக்ஸ்சேஞ்சில் போட்டு மாற்றியது. 2001-இல் பெங்களூரில் பிறந்த ரேவா காரும் அதே ஈய-அமில பேட்டரியில்தான் ஓடியது. சில வருடத்துக்கு ஒருமுறை முழு செட்டையும் மாற்ற வேண்டும். பழைய ரேவா வாங்குகிறவர் காரை விலை பேசியதில்லை, பேட்டரியின் வயதைத்தான் விலை பேசினார். அந்த அனுபவம் லித்தியம் பேட்டரிமேலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மை நிலவரம் வேறு. ஆயிரக்கணக்கான மின்வண்டிகளின் தரவை வைத்து ஜியோடேப் என்ற நிறுவனம் 2024-இல் சொன்ன சராசரி, ஆண்டுக்கு 1.8 சதவீதக் குறைவு. நம் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும், எட்டு வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் போகும். நெக்ஸான், டியாகோ போன்றவற்றில் இருப்பது இரும்பு-பாஸ்பேட் வகை. வெப்பத்தையும் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுவதையும் தாங்குவதில் அது கெட்டி.

வெப்பத்தைத் தாங்காத பேட்டரி எப்படியிருக்கும் என்று அறிய இலங்கையைக் கேட்க வேண்டும். பத்து ஆண்டுக்கு முன் வரி குறைவாக இருந்த சமயத்தில் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் நிசான் லீஃப் அங்கே வரிசையாக வந்து இறங்கியது. அந்த பேட்டரிக்குத் தனியாகக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது. மீட்டரில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடுகள். ஜப்பான் குளிரில் மெல்ல அணைந்தவை கொழும்புச் சூட்டில் வேகமாக அணைந்தன. விற்பனையே 'எத்தனை கோடு இருக்கு?' என்பதில்தான் நடந்தது. பிறகு நடந்ததுதான் சுவாரசியம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. நடுவில் 2022-இல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. அந்த ஆண்டுகளில் அந்த நாட்டில் பழைய கார்கள் பொதுவாக மலிவாகவில்லை. வாங்கியதைவிடக் கூடுதலுக்கு விற்றவர்கள் ஏராளம். நம் 1970-களை அங்கே 2020-களில் திரும்ப நடித்துக் காட்டினார்கள். கோடு குறைந்த லீஃபுக்கும் அந்த மேடையில் இடம் இருந்தது.

நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கே இரண்டாம் உரிமையாளர் பயப்பட வேண்டியது பேட்டரி தேய்வதற்கு அல்ல, திடீரென்று சாவதற்கு. அப்படிச் செத்தால் யார் பொறுப்பு என்பதற்கு. இங்கேதான் சிறிய எழுத்து வருகிறது. பொதுவாக எட்டு ஆண்டு அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர், எது முந்தியதோ அதுவரை உத்தரவாதம். அண்மையில் சில கம்பெனிகள் 'ஆயுட்கால உத்தரவாதம்' என்று பெரிதாக விளம்பரம் செய்கின்றன. அந்த ஆயுள் முதல் உரிமையாளரின் ஆயுள். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறிய நிமிடம் அது பழைய எட்டு ஆண்டுக்கோ, சிலவற்றில் பத்து ஆண்டுக்கோ சுருங்கிவிடும். விற்பவர் பொய் சொல்லாமலே உங்களை ஏமாற்ற முடியும். 'வாரன்டி லைஃப்டைம் சார்' என்பது அவரைப் பொறுத்தவரை உண்மைதானே.

வாங்கும்போது பார்க்க வேண்டியதும் மாறிவிட்டது. அன்று பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழற்றிப் புகை வருகிறதா என்று பார்த்தார்கள். அந்தக் காட்சிக்கு மின்காரில் இடமே இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். தர மறுக்கும் பார்ட்டியிடம் மேற்கொண்டு டீ கூடக் குடிக்க வேண்டாம். முடிந்தால் முழு சார்ஜில் எடுத்து, இருபது சதவீதம்வரை ஓட்டிப் பார்க்கலாம். சர்வீஸ் ஹிஸ்டரியில் சாஃப்ட்வேர் அப்டேட் எல்லாம் ஆகியிருக்கிறதா, வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று இன்சூரன்ஸ் கிளெய்மையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சென்னை மழையை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்பர் பிளேட்டும் பேசும். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து வாடகை வண்டி. 2025 ஏப்ரலில் புளூஸ்மார்ட் டாக்ஸி நிறுவனம் சேவையை நிறுத்தியதும் டில்லியிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கான மின்கார்கள் சும்மா நின்றன. வாடகைக்கு ஓடியவை தினமும் வேக சார்ஜரில் ஏறியவை. பிளேட்டை மாற்றிக்கொண்டு வந்தாலும் ஆர்.சி. விவரத்தில் பழைய கதை இருக்கும்.

விலை பேச ஒரு நல்ல அளவுகோல் தற்செயலாகக் கிடைத்திருக்கிறது. எம்.ஜி. விண்ட்சர் 2024-இல் இரண்டு விலைகளில் வந்தது. பேட்டரியோடு வாங்கினால் 13 லட்சத்து 50 ஆயிரம். பேட்டரியைக் கிலோமீட்டர் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் 9 லட்சத்து 99 ஆயிரம். ஆக 38 யூனிட் பேட்டரிக்குக் கம்பெனியே போட்ட விலை மூன்றரை லட்சம். காரின் விலையில் கால்வாசி. உத்தரவாதத்தில் ஐந்து வருடம் பாக்கியுள்ள காரில் அந்த மூன்றரை லட்சத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு வருடமே பாக்கி என்றால் அதில் பாதியையாவது விலையில் குறைத்துக் கேட்பது நியாயம். விற்பவர் முகம் சுளிப்பார். அவர் வாங்கியபோது கொடுத்த விலையைச் சொல்லி அங்கலாய்ப்பார். அது நம் கணக்கில் வராது.

2020 தொடக்கத்தில் ரோட்டுக்கு வந்த முதல் நெக்ஸான்களுக்கு 2028 தொடக்கத்தில் எட்டு வருடம் நிறைந்து பேட்டரி உத்தரவாதம் முடிகிறது. நிறையக் கிலோமீட்டர் ஓடிய வண்டிகளுக்கு அதற்கும் முன்பே. மூன்று, நான்கு லட்சத்துக்கு அவை வரிசையாக விற்பனைக்கு வரும்போது வாங்கப் போகிறவர், பேட்டரியே இல்லாத காரை வாங்குவதாக நினைத்துக்கொண்டு பாடி, டயர், மோட்டார், ஏ.சி. இவற்றுக்கு மட்டும் விலை சொல்லலாம். பேட்டரி இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர் இழுத்தால் அது கொசுறு.